மாடல் கப்பலின் உடலுக்குப் பெயின்ற் அடிப்பதும் கறள் ஏற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்குக் கப்பல் புதினமான பொருள் அல்ல. சீனக்குடாவுக்கு வரும் கோதுமைக் கப்பல், கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல், கொட்டியாரக்குடாவின் வள்ளங்கள் என்று கண் திறந்த நாள் முதல் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதனால் வீட்டு அலுமாரியில் இருக்கும் மாடலைப் பார்க்க வருகிறவர்கள், மாடல் செய்யத் தெரியாதவர்களாக இருந்தாலும், பிழையைப் பிடித்துவிடுவார்கள். "வடிவாத்தான் இருக்கு, ஆனா ஏதோ கப்பல் மாதிரி இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அந்த "ஏதோ" இருப்பது கப்பலின் உடலில்தான். மேல்தளத்துப் பீரங்கியையும் படகையும் செய்ய மாதக்கணக்கில் மினக்கெடுகிறவர்கள் உடலுக்கு இரண்டு நிறம் அடித்து முடித்துவிடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

முதலில் ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு உள்துறைமுக வீதிப் பக்கம் போய், எந்தக் கப்பல் கண்ணில் பட்டாலும் அதை அரை மணித்தியாலம் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது உடலின் தகடுகள் தெரியும். உள்ளே நிற்கும் சட்டங்களுக்கு இடையில் தகடு கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பசித்த மாட்டின் விலா போல.

கோதுமை இறக்கும் கப்பல் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. வந்த அன்று அது தண்ணீரில் ஆழமாக இருக்கும். இறக்க இறக்க மேலெழும். அதுவரை தண்ணீருக்குள் இருந்த அடிப்பெயின்ற் வெளியே வரும், சிவப்போ நீலமோ பச்சையோ. அந்த நிறம் ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் நின்ற இடத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும்: கீழே ஈரமான கடும் நிறம், அதற்கு மேலே காய்ந்து வெளிறிய நிறம், அதற்கும் மேலே உப்புப் படிந்த சாம்பல். இப்படி நாலைந்து பட்டைகள். இதை எந்தக் கிட்டின் (துண்டுகளை ஒட்டி மாடல் செய்யக் கடையில் வரும் பெட்டியின்) பெயின்ற் வழிகாட்டியும் காட்டாது. அது சொல்வது "கீழே சிவப்பு, மேலே கறுப்பு" என்பது மட்டும்தான்.

பிளாஸ்டிக் உடலைக் கழுவத்தான் வேண்டுமா?

ஆம். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். நன்றாகக் காயவிட்டு, பிறகு வெறுங்கையால் தொடாமல் ஓரங்களில் பிடியுங்கள்.

பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அவசியமா? என்ன நிறம்?

அவசியம். பிடிமானத்துக்கு மட்டுமல்ல, பிழை பார்க்கவும்தான். இரண்டு பாதி உடலையும் ஒட்டிய நடுக்கோடு, அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) புட்டி வைத்த இடம், சாண்ட் பேப்பர் கீறல் எல்லாம் சாம்பல் பிரைமர் அடித்தவுடன் கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததைத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடியுங்கள். நான் பெரும்பாலும் மூன்று முறை போய்வருவேன். சிவப்பு அடிப்பகுதிக்குச் சிவப்பு ஒக்சைட் பிரைமர் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரி, ஆனால் பிழை தெரிவது சாம்பலில்தான்.

ஹார்ட்வெயார் கடை ஸ்பிரேயையும் தின்னரையும் பாவிக்கலாமா?

மரத்தில் கட்டிய உடலுக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். பிளாஸ்டிக் உடலில் மிகக் கவனம். மாடல் கிட்டுகள் பெரும்பாலும் பொலிஸ்டைரீனில் வருகின்றன; லாக்கர் தின்னர் அதைக் கரைத்துவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு நாசகாரிக் கப்பலின் உடலில் தவறாக அடித்த பெயின்றைத் துடைக்க, கடையில் போத்தலில் ஊற்றித் தந்த தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். பெயின்ற் வந்தது. கூடவே கைவிரல் அடையாளம் ஐந்தும் உடலில் பதிந்தது. தகட்டுக் கோடுகள் எல்லாம் மெழுகு போல ஓடிப்போயின. அந்த உடலை இன்னும் வைத்திருக்கிறேன், புதுப் பெயின்ற் எதையும் முதலில் அதில்தான் அடித்துப் பார்ப்பேன்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கிட்டின் துண்டுகள் கோத்து வரும் சட்டம் இருக்கிறதே, துண்டுகளை வெட்டி எடுத்தபின் எறிந்துவிடாதீர்கள். எந்தப் பெயின்றையும் எந்தத் தின்னரையும் அதில் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

நீர்மட்டக் கோடு நேராக வருவதில்லை. அணியத்தில் சரி, பின்பக்கம் போகப் போக மேலே ஏறிவிடுகிறது. ஏன்?

ஏனென்றால் நிறம் படாமல் மறைக்கும் ரேப்பை நீங்கள் உடலின் வளைவோடு ஒட்டுகிறீர்கள். உண்மையான நீர்மட்டம் வளைவைப் பற்றிக் கவலைப்படாது. அது தட்டையான ஒரு தளம் உடலை வெட்டும் இடம். பின்பக்கத்தில் உடல் உள்நோக்கிச் சாய்வதால் கண் ஏமாறும்.

தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வையுங்கள். கப்பலை அதன் மேல் அசையாமல், முன்னும் பின்னும் இடமும் வலமும் மட்டமாக நிறுத்துங்கள். மட்டமாக இருக்கிறதா என்று மேல்தள விளிம்பின் உயரத்தை நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு சிறு மரக்கட்டையில் பென்சிலைத் தேவையான உயரத்தில் படுக்கவைத்துக் கட்டுங்கள். இனிக் கட்டையைக் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே கப்பலைச் சுற்றி வாருங்கள். பென்சில் போடும் கோடுதான் நீர்மட்டம். பின்பக்கத்தில் அது உங்கள் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் கண்ணை நம்பாதீர்கள், பென்சிலை நம்புங்கள்.

சிவப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே கறுப்புப் பட்டை உள்ள கப்பல் என்றால், அந்தப் பட்டையை முதலில் அடியுங்கள். நீர்மட்டக் கோட்டைச் சுற்றி அகலமாகக் கறுப்பு. ஒரு நாள் காய்ந்த பிறகு, பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில் மெல்லிய ரேப் வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். பிறகு கீழே சிவப்பு, மேலே சாம்பல். கடைசியில் ரேப்பைக் கழற்றினால் இரண்டு பக்க விளிம்பும் ஒரே சீராக இருக்கும். சாம்பலும் சிவப்பும் அடித்துவிட்டுக் கடைசியில் கறுப்புப் போடப் போனால் இரண்டு விளிம்பையும் தனித்தனியே இணையாகப் பிடிக்க வேண்டும், அது பெரும்பாடு.

அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்கு அல்ல. துறைமுகத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயும் அழுக்கும் ஒட்டும் இடம் அது; கறுப்பில் தெரியாது என்பதற்காகவே அடிப்பது.

ரேப்புக்குக் கீழே பெயின்ற் கசிகிறது.

ரேப் ஒட்டியவுடன் அதன் விளிம்பில், ஏற்கெனவே கீழே இருக்கும் அதே நிறத்தையே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். கசிந்தால் அதே நிறம்தான் கசியும், இடைவெளியும் அடைபடும். அதன் பிறகு புது நிறம். ரேப்பைப் பெயின்ற் முற்றாக இறுகுமுன், தன்மேலேயே மடித்து, மெதுவாகப் பின்னோக்கி இழுத்துக் கழற்றுங்கள்.

அடிப்பகுதிக்கு எந்தச் சிவப்பு?

செம்பரத்தம்பூச் சிவப்பு அல்ல. பழைய கப்பல்களின் அடிப்பெயின்ற் சிவந்ததற்குக் காரணம் அதில் கலந்த செம்பு ஒக்சைட்டும் இரும்பு ஒக்சைட்டும். ஓடு, செங்கல், காய்ந்த செம்மண் இந்த வரிசையில் வரும் நிறம். மாடல் பெயின்ற் விற்கும் டமியா கம்பனியின் எக்ஸ்எப்-9 என்ற இலக்க நிறம் இதற்கென்றே வருவது, ஆனால் அப்படியே அடித்தால் கபிலமாகவும் இருண்டும் தெரியும். நான் அதில் எக்ஸ்எப்-7 சிவப்பைக் கொஞ்சம் கலந்து, பிறகு ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்பேன்.

வெள்ளை எதற்கு? உவர்மலையில் நின்று துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பாருங்கள். கறுப்பு உடல் உண்மையில் கறுப்பாகத் தெரியாது, நீலம் கலந்த கடும் சாம்பலாகத் தெரியும். நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் நிறத்தை வெளிற வைக்கின்றன. 1/350 அளவு மாடலை (உண்மையான கப்பலின் 350இல் ஒரு பங்கு) ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, முழுக் கப்பலை 150 மீற்றருக்கும் கூடிய தூரத்தில் நின்று பார்ப்பது போல. அந்தத் தூரத்தில் எந்த நிறமும் சுத்தமாக வந்து சேராது. அதனால் சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் நான் கப்பல் உடலில் அடிப்பதே இல்லை. பளபளப்பும் அப்படித்தான். உண்மையான கப்பல் புதுப் பெயின்றில் மின்னினாலும் மாடல் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே அடித்தால் மேலே வெள்ளை படர்கிறது. பெயின்ற் பழுதா?

பெயின்றில் பழுதில்லை, காற்றில் ஈரம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். அந்தக் குளிரில் காற்றின் ஈரம் வந்து பெயின்றுக்குள் படிந்துவிடும். லாக்கர் வகையில் இது கூடுதலாக வரும். நமக்கு மழை முக்கியமாக ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு வருவது. அந்த நாட்களில் லாக்கரும் வார்னிஷும் அடிக்க வேண்டாம். எயார்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்றைத் தெளிக்கும் கருவி) பாவித்தால் கொம்பிரசர் குழாயில் ஈரம் பிடிக்கும் குடுவை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர்த் துளி பெயின்றோடு சேர்ந்து துப்பும்.

கச்சான் காற்றுக் காலத்தில் பிரச்சினை நேர்மாறு. காற்று சூடும் வறட்சியுமாக இருக்கும். பெயின்ற் உடலைத் தொடுமுன்பே காய்ந்து, பொடியாக விழுந்து, மண்கடதாசி போலச் சொரசொரப்பாகிவிடும். எயார்பிரஷின் நுனியும் அடைக்கும். அப்போது பெயின்றை இன்னும் ஐதாக்குங்கள், காயும் வேகத்தைக் குறைக்கும் றிட்டாடர் சில சொட்டு விடுங்கள், கிட்டப் பிடித்து அடியுங்கள். நான் அந்த மாதங்களில் காற்றெழும்ப முன், விடியற்காலையில்தான் அடிப்பேன். தூசியும் அப்போது குறைவு.

மாரி மாதங்களை மரவேலைக்கும் கயிறு கட்டவும் வைத்துக்கொண்டு, பெயின்ற் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம்.

எயார்பிரஷ் இல்லை. பிரஷ்ஷால் முடியுமா?

முடியும். என் முதல் ஆறு கப்பலும் பிரஷ்தான். அகலமான, மயிர் மென்மையான தட்டைப் பிரஷ் ஒன்று வாங்குங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பெயின்றை யோகட் கோப்பையில் ஊற்றி, ஆடை எடுத்த பால் பதத்துக்கு ஐதாக்கிக்கொள்ளுங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது பூச்சில் மூடிவிடும். ஒரு முறை இழுத்த இடத்துக்கு, அது காயுமுன் திரும்பப் போகாதீர்கள். முதல் பூச்சுகளைக் கப்பலின் நீளப்பாட்டில் இழுங்கள். கடைசிப் பூச்சை மட்டும் மேலிருந்து கீழாக இழுங்கள். பிரஷ் கோடு ஏதும் மிஞ்சினால் அது தண்ணீர் வழிந்த தடம் போலத் தெரியும்.

கறள் எங்கே வைப்பது? எவ்வளவு வைப்பது?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எல்லோரும் பிழைவிடும் இடமும் இதுதான். கறளைப் பெயின்ற் என்று நினைக்காமல், தண்ணீர் வந்துபோன வழி என்று நினையுங்கள். ஒவ்வொரு கறள் கோட்டுக்கும் மேலே ஒரு காரணம் இருக்க வேண்டும். அது எங்கிருந்து வடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்தக் கோட்டைப் போடக் கூடாது.

காரணங்கள் பல இல்லை. முதலாவது நங்கூரத் துளை. நங்கூரத்தையும் சங்கிலியையும் மேலே இழுக்கும்போது பெயின்ற் உரியும், சேற்றோடு உப்புத் தண்ணீர் வடியும். அதனால் துளையின் கீழ் உதட்டில் கறள் கடும் கபிலமாகத் தொடங்கும். சங்கிலி உரசும் பக்கம் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்த கீறல்களும் இருக்கும். இரண்டாவது, மேல்தளத்துத் தண்ணீர் வெளியே விழும் வடிதுளைகள். மழையும் அலையும் தளத்து அழுக்கைக் கூட்டிக்கொண்டு அதால்தான் வரும். கறள் மட்டுமல்ல, கறுத்த அழுக்கும் வரும். மூன்றாவது, உடலின் பக்கத்தில் இருக்கும் குழாய் வாய்கள். அங்கே எந்நேரமும் தண்ணீர் ஊற்றுவதால் கறளைவிட உப்பின் வெள்ளைத் தடம் கூடுதலாக இருக்கும். நாலாவது, துறைமுகச் சுவரிலும் இழுவைப் படகிலும் உராயும் இடம். பக்கவாட்டின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, றப்பரின் கறுப்புத் தேய்வும் அதற்குள் ஆங்காங்கே கறளும். இது மட்டும் கிடைக்கோடாகப் போகும். மற்ற எல்லாம் மேலிருந்து கீழ்தான்.

அளவையும் கணக்குப் போடுங்கள். உண்மையான கப்பலில் ஒரு சாண் அகலமான கறள் தடம் என்று வையுங்கள், ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். 1/350 அளவில் அது 0.6 மில்லிமீற்றர். 1/700 அளவில் 0.3. பிரஷ்ஷை ஒரு முறை தொட்டாலே அதைவிடப் பெரிதாகிவிடும். அதனால் 1/700 கப்பலில் தனித்தனிக் கோடு போடுவதைவிட, மெல்லிய நிற வேறுபாட்டைக் காட்டுவதே நல்லது.

நிறமும் ஒன்றல்ல. நேற்றுப் பிடித்த கறள் செம்மஞ்சள். பழைய கறள் கடும் கபிலம், கறுப்புக்குக் கிட்ட. தொடங்கும் இடத்தில் பழையதும், வடிந்து போகும் வாலில் புதியதும் வரும். இதைத் தலைகீழாகப் போட்ட மாடல்களைத்தான் அதிகம் காண்கிறேன்.

சரி, கையில் பிரஷ் எடுத்துவிட்டேன். ஒரு கறள் கோட்டை எப்படிப் போடுவது?

அடிநிறம் அக்ரிலிக்காக இருக்கட்டும். அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து இரண்டு நாள் விடுங்கள். ஆழ அளவு இலக்கங்கள், பெயர் போன்ற ஸ்டிக்கர்களை இந்தக் கட்டத்திலேயே ஒட்டி, மேலே மறுபடி வார்னிஷ் அடித்துவிடுங்கள். கறள் அவற்றின் மேலாகவும் வழிய வேண்டும். கறளுக்கு மேல் சுத்தமான இலக்கம் நின்றால் உடனே காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஓவியர்கள் பாவிக்கும் ஒயில் பெயின்ற். பேர்ன்ட் அம்பர், பேர்ன்ட் சியன்னா இரண்டும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். பயன்படுத்த ஒரு மணித்தியாலம் முன் ஒரு துண்டு காட்போட்டில் பிதுக்கி வையுங்கள். அதிகப்படியான எண்ணெயைக் காட்போட் உறிஞ்சிவிடும். எண்ணெய் குறைந்தால் மங்கலாகவும் வேகமாகவும் காயும்.

மிகச் சிறிய பிரஷ்ஷின் நுனியில் எடுத்து, நங்கூரத் துளையின் கீழ் உதட்டில் ஒரு புள்ளி வையுங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிதாக. அதிலிருந்து கீழே ஒரு மயிரிழைக் கோடு. பத்து நிமிடம் விடுங்கள். இப்போது ஒரு சுத்தமான தட்டைப் பிரஷ்ஷை வைற் ஸ்பிரிட்டில் (ஒயில் பெயின்றைக் கரைக்கும் தின்னர்) தோய்த்து, சீலைத் துண்டில் துடைத்துக் கிட்டத்தட்ட உலர்த்திக்கொள்ளுங்கள். அதை அந்தப் புள்ளிக்குச் சற்றுக் கீழே வைத்து, நேராக, ஒரே மூச்சில் கீழே இழுங்கள். கோடு கரைந்து, மேலே கடுமையாகவும் கீழே போகப் போக இல்லாமலும் ஆகும். பிரஷ்ஷைத் துடையுங்கள். இன்னொரு முறை இழுங்கள். இரண்டு பக்க ஓரத்தையும் தொட்டு ஒடுக்குங்கள். வால் நீர்மட்டத்தைத் தொடுமுன் மறைந்துவிட வேண்டும்.

பிடிக்கவில்லையா? வைற் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். கீழே இருக்கும் அக்ரிலிக்கும் வார்னிஷும் அசையாது. இந்த முறையின் பெரிய ஆறுதல் இதுதான். வைற் ஸ்பிரிட்டுக்குப் பதில் மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது.

ஒரு கப்பலுக்கு ஒரே இரவில் எல்லாக் கோடும் போடாதீர்கள். ஒரு பக்கம் ஐந்து கோடு போட்டுவிட்டுப் படுங்கள். காலை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு கூடுதலாகத் தெரியும், அவற்றை எடுத்துவிடுங்கள்.

நீர்மட்டத்து உப்புத் தடத்துக்கு?

வெளிறிய சாம்பலில் ஒரு துளி மண்ணிறம் கலந்து, தண்ணீர் போல ஐதாக்கி, கறுப்புப் பட்டையின் மேல்விளிம்பு நெடுக மெல்லிய வரியாக விடுங்கள். காயுமுன் ஈரப் பிரஷ்ஷால் ஆங்காங்கே கீழ்நோக்கி இழுங்கள். மேல்விளிம்பு ஓரளவு நேராகவும் கீழ்விளிம்பு கலைந்தும் இருக்கட்டும்.

அடிப்பகுதிக்குப் பாசியும் கொட்டலசும் (கப்பலின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) போடலாமா?

அது நீங்கள் கப்பலை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பித்தளைக் காலில், காட்சிப் பெட்டியில் நிற்கும் மாடலுக்கு அடிப்பகுதி சுத்தமாக, மெல்லிய நிற வேறுபாட்டோடு இருந்தால் போதும். உலர்தளத்தில் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலின் அடியில் வேலை செய்யும் இடம்) ஏற்றியது போலச் செய்தால் முழுவதும் போடலாம்.

எங்கே எது வளரும் என்று தெரிந்து போடுங்கள். பச்சைப் பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அது நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு முழ ஆழத்தில்தான் தழைக்கும். அடிவயிற்றில் வெளிச்சமில்லை, அங்கே பாசி குறைந்து கொட்டலசு கூடும். நீரோட்டம் வேகமாகப் படாத மூலைகளில், சுக்கானின் பின்னால், தண்ணீர் உள்ளிழுக்கும் கிராதிகளைச் சுற்றி இன்னும் கூடும். உண்மையான கொட்டலசு ஒன்றரைச் சென்ரிமீற்றர் என்றால் 1/350 அளவில் அது 0.04 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது. எனவே அங்கே உருவம் செய்யாதீர்கள். வெளிறிய சாம்பலைப் பஞ்சுத் துண்டால் ஒற்றிவிட்டால் போதும். 1/72 போன்ற பெரிய மாடலில் மட்டும் ஈர வார்னிஷில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிச் சொரசொரப்பை எடுக்கலாம்.

இன்னொரு சிறு விஷயம். உலர்தளத்தில் கப்பல் மரக்கட்டைகளின் மேல் இருக்கும். அந்தக் கட்டை தொட்ட இடங்களில் புதுப் பெயின்ற் அடிக்க முடியாது. அதனால் ஏரா (கப்பலின் அடி நடுக்கட்டை) நெடுக ஒழுங்கான இடைவெளியில் பழைய நிறச் சதுரங்கள் மிஞ்சும். அதைப் போட்டுப் பாருங்கள், கப்பல் தெரிந்தவர் யாராவது வந்தால் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

நீரின் அடியில் நெடுங்காலம் கிடந்த இரும்பு எப்படியிருக்கும் என்று பார்க்க நமக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 விமானத் தாக்குதலில் இந்தத் துறைமுகத்தில் அடிபட்ட சகாயிங் என்ற கப்பல், பிறகு இங்கேயே மூழ்கடிக்கப்பட்டு இறங்குதுறையாகப் பாவிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கடற்படையினர் அதை மிதக்கவைத்து எடுத்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். செம்மஞ்சள் கறளைவிடச் சேறும் சிப்பியும் படிந்த மண்ணிறம்தான் கண்ணில் நிற்கும்.

ஹெர்மிஸ் கப்பலைச் செய்ய ஆசை. அதற்கு எவ்வளவு கறள்?

அதே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து வெளியேறியிருந்த விமானம்தாங்கி எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சில் மூழ்கியது; 307 பேர் இறந்தார்கள். கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரியும், ஹொலிஹொக் என்ற கொர்வெட்டும் (சிறிய காவல் போர்க்கப்பல்) மூழ்கின. இந்தக் கடலின் கப்பல் என்பதால் நம்மில் பலருக்கு அதைச் செய்ய ஆசை. 600 அடி நீளக் கப்பல், 1/700 அளவில் 26 சென்ரிமீற்றர்.

அளவாகத்தான் போடுங்கள். போர்க்கப்பலில் ஆட்கள் நிறைய. துறைமுகத்தில் நிற்கும் நாளில் பக்கவாட்டில் பலகை தொங்கவிட்டுக் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது அவர்களின் அன்றாட வேலை. எனவே ஆறாய் ஓடும் கறளைவிட, திட்டுத் திட்டாகப் புதுச் சாம்பல் அடித்த தடம்தான் பொருந்தும். அடிநிறத்தோடு ஒரு சொட்டு வெள்ளையோ கறுப்போ கலந்து, பலகையில் இருக்கும் மனிதனின் கை எட்டும் அளவுச் சதுரங்களாக ஆங்காங்கே போடுங்கள். வெப்பவலய வெயிலில் சாம்பல் வெளிறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹொலிஹொக் போன்ற கொர்வெட் சிறியது, 205 அடி. நாட்கணக்கில் அலை மேலேறி இறங்கும் கப்பல். அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

நமது ஊரின் பெயர் தாங்கிய பாய்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்பு நிறம் அடிப்பதா, செம்புத் தகடு ஒட்டுவதா?

எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி கடலில் இறக்கிய கப்பல். இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. மரம் துளைக்கும் புழுவுக்கும் பாசிக்கும் எதிராக அந்தக் காலத்து அரச கடற்படைக் கப்பல்களின் அடிக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 1/64 மாடலில் 19 மில்லிமீற்றருக்கு 5.5 மில்லிமீற்றர். ஒட்டும் செம்பு நாடா வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டலாம். பொறுமை இருந்தால் அதற்கு ஈடில்லை. கையின் வியர்வை பட்ட இடம் மறுநாளே கறுக்கும், அதனால் கையுறை போடுங்கள், அல்லது எல்லா இடத்தையும் தொட்டு எல்லாம் சமமாகக் கறுக்க விடுங்கள்.

முழு அடியையும் கோயில் கலசத்துப் பச்சையில் அடிக்காதீர்கள். செம்பு முதலில் மின்னும், பிறகு கபிலமாகும். பச்சை கூடுதலாக வருவது நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் நீர்மட்டத்தருகே. கீழே மங்கிய கபிலம் போதும்.

நம்மூர் மீன்பிடிப் போட்டை மாடலாகச் செய்தால்?

செய்யுங்கள், யாரும் செய்வதில்லை என்பதே எனக்குக் கவலை. பைபர்கிளாஸ் போட்டுக்குக் கறள் கிடையாது. பின்பக்கம் இயந்திரம் மாட்டும் ஆணிகளின் கீழே மட்டும் கொஞ்சம் வடிந்திருக்கும். அங்கே வெயில்தான் வேலை செய்கிறது. நீலமும் சிவப்பும் வெளிறி, சுண்ணாம்பு பூசியது போலப் பொடி பறக்கும் நிறமாகும். வலை இழுக்கும் பக்கத்து விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும், மற்றப் பக்கம் அவ்வளவு இல்லை. மணலில் இழுத்து ஏற்றுவதால் அடியில் நீளப்பாட்டுக் கீறல்கள், பெயின்ற் போய் வெள்ளையாகத் தெரியும். நிலாவெளிக் கரையில் கவிழ்த்துவைத்த போட் ஒன்றைக் கண்டால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படைத் தளத்துப் பக்கம் மட்டும் கமராவைத் திருப்ப வேண்டாம்.

செய்து முடித்த கப்பலை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடிப் பெட்டி கட்டாயம். கடற்காற்று வீட்டுக்குள்ளும் உப்பைக் கொண்டுவரும், பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள் பச்சை பிடிக்கும். ஜன்னல் வெயில் படாத சுவர்ப்பக்கம் வையுங்கள்.

எல்லாம் பிழைத்துவிட்டது. உடலை எறிந்துவிடவா?

வேண்டாம். டமியா அக்ரிலிக் என்றால் மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கழன்று வரும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. தட்டில் படுக்கவைத்து, துணியை நனைத்து மேலே போர்த்தி, அரை மணித்தியாலம் கழித்துப் பல்துலக்கியால் தேயுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். தகட்டுக் கோடுகளுக்குள் இருக்கும் மிச்சத்தை ஈர்க்குக் குச்சியின் நுனியால் கிளறி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டு, மறுபடி சாம்பல் பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.